பயிற்சியின் பயனை அளப்பது எப்படி?

எமது பகுதியில் பயிற்சிகளுக்குக் குறைவு இருந்ததில்லை. 2004 டிசெம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. 2006இல் ஈச்சிலம்பற்று மக்கள் போரினால் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தார்கள். 2007இல் மீள்குடியேற்றம் தொடங்கியது. இந்தக் காலங்களிலும் அதன் பின்னரும் நிவாரணப் பொருட்களோடு பயிற்சிகளும் வந்து சேர்ந்தன. தையல், மேசன் வேலை, கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, சேதனப் பசளை தயாரித்தல், வீட்டுத்தோட்டம், சிறுதொழில் கணக்கு என அவற்றின் பட்டியல் நீளமானது. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் நாலைந்து பயிற்சிச் சான்றிதழ்களையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம்.

ஆனால், "இந்தப் பயிற்சியால் உங்கள் குடும்பத்துக்கு வருடத்தில் எத்தனை ரூபா கூடுதலாகக் கிடைத்தது?" என்று கேட்டால் பயிற்சி பெற்றவரும் விடை சொல்லத் தயங்குகிறார், பயிற்சி கொடுத்தவரும் தயங்குகிறார். நிறுவனங்களின் அறிக்கைகளில் எத்தனை நாள் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், செலவு எவ்வளவு என்பன ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். வரவுப் பதிவேட்டில் கையெழுத்துகள் இருக்கும். வயலில் என்ன மாறியது, கையில் என்ன மிஞ்சியது என்ற இடம் மட்டும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

அந்த வெறுமையான இடத்தை நிரப்பும் வழியைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு 80 பக்கக் கொப்பியும் ஒரு பேனையும் ஒரு துண்டுக் கயிறும் போதும்.

ஏன் நாமே அளக்க வேண்டும்?

முதலாவதாக, இலவசப் பயிற்சி என்று ஒன்று கிடையாது. பயிற்சிக்குப் போகும் நாளில் ஒருவர் நாட்கூலியை இழக்கிறார். மாட்டை அவிழ்த்துக் கட்ட இன்னொருவரைப் பிடிக்க வேண்டியுள்ளது. ஒரு தாய் போவதென்றால் அன்றைய சமையலும் பிள்ளைகளின் பராமரிப்பும் வேறொருவர் தலையில் விழுகின்றன. மதியச் சாப்பாட்டுப் பொதியும் பஸ் காசும் இந்த இழப்பை ஈடுசெய்வதில்லை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம் என்றால், வாங்கியது கொடுத்ததற்குத் தகுமா என்று பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

இரண்டாவதாக, இடம்பெயர்ந்த மக்களின் பெயரால் வரும் உதவிப்பணத்தில் ஒரு பகுதி இப்பயிற்சிகளுக்கே செலவாகின்றது. அதே பணத்தில் ஒரு கிணறு வெட்டியிருக்கலாமா, விதைநெல் வாங்கியிருக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. கணக்கு இல்லாமல் அந்தக் கேள்விக்கு விடை காண முடியாது.

மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் முக்கியமானது. பயிற்சி பலன் தராதபோது பழி மக்கள் மீதே விழுகின்றது. "இந்தச் சனங்களுக்கு ஆர்வமில்லை, கற்றுக்கொடுத்தாலும் செய்யமாட்டார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். படிப்படியாக அளந்து பார்த்தால் அடைப்பு எங்கே உள்ளது என்று தெரியும். கற்பித்ததில் குறையா, கருவி இல்லையா, காணி இல்லையா, தண்ணீர் வரவில்லையா, விளைந்ததை வாங்க ஆள் இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

அளவின் நான்கு படிகள்

தொழிற்சாலைகளும் கம்பனிகளும் இதே கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959இல் தொடங்கி எழுதிய கட்டுரைகளில் பயிற்சியை நான்கு படிகளில் அளக்கலாம் என்றார். இன்றும் உலகெங்கும் பயிற்சி நடத்துவோர் இப்படிகளைப் பயன்படுத்துகின்றனர். அவற்றை எமது வயலுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதற்படி, வந்தவருக்குப் பிடித்ததா என்பது. கடைசி நாளில் ஒரு தாளைத் தந்து "பயிற்சி எப்படி?" என்று கேட்பார்கள். எல்லோரும் "மிக நன்று" என்று எழுதுவார்கள். வீடு தேடி வந்து அழைத்தவரிடம் வேறு எப்படிச் சொல்வது?

இரண்டாம் படி, கற்றுக்கொண்டாரா என்பது. நெற்பயிருக்குத் தீமை செய்யும் பூச்சி எது, அதைத் தின்னும் நல்ல பூச்சி எது என்று வயலில் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி, கற்றதைச் செய்கிறாரா என்பது. இதை மண்டபத்தில் அளக்க முடியாது. மூன்று மாதம் கழித்து வயலுக்கோ வீட்டுக்கோ போய்த்தான் பார்க்க வேண்டும்.

நான்காம் படி, செய்ததால் என்ன விளைந்தது என்பது. செலவு குறைந்ததா? விளைச்சல் கூடியதா? கடன் இறங்கியதா?

பின்னர் ஜாக் பிலிப்ஸ் என்பவர் ஐந்தாம் படி ஒன்றைச் சேர்த்தார். கிடைத்த பயனை ரூபாவில் கணக்கிட்டு, அதிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, மிச்சத்தைச் செலவினால் வகுக்க வேண்டும். போட்ட ஒவ்வொரு ரூபாவுக்கும் எவ்வளவு மேலதிகமாகத் திரும்பி வந்தது என்று அப்போது தெரியும்.

எமது பகுதியில் நடக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன. விவசாயிக்குத் தேவையானதோ நான்காம், ஐந்தாம் படிகளின் விடை.

இலங்கை வயல்களில் அளந்து கண்டவை

விவசாயப் பயிற்சியை இப்படி அளக்க முடியுமா என்று ஐயப்பட வேண்டியதில்லை. எமது நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள்.

1989இல் இந்தோனேசியாவில் விவசாயிகளுக்கான வயற்பள்ளி என்ற முறை தொடங்கியது. ஏறக்குறைய 25 விவசாயிகள் ஒரு போகம் முழுவதும் வாரம் ஒருநாள் காலையில் வயலில் கூடுவார்கள். பயிரை எண்ணி, பூச்சியை எண்ணி, கண்டதைப் பெரிய தாளில் வரைந்து, எண்ணெய் அடிக்க வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே பேசி முடிவெடுப்பார்கள். இம்முறையில் 1995 முதல் இலங்கையிலும் நெல் விவசாயிகளுக்குப் பல நூறு வயற்பள்ளிகள் நடத்தப்பட்டன.

இவற்றின் பயனை அளந்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. ஒரு போகத்தில் சராசரியாக 2.2 தடவை பூச்சிநாசினி அடித்த விவசாயிகள், பயிற்சிக்குப் பின் 0.4 தடவையாக அதைக் குறைத்திருந்தார்கள். விளைச்சல் 23 வீதம் கூடியிருந்தது. பயிற்சிக்குச் செலவிட்ட பணம் ஒரே போகத்தில் ஏழு மடங்காகத் திரும்பியது என்று அவ்வாய்வு கணக்கிட்டது.

இதைக் கேட்டு மகிழும்போதே வேறு இரண்டு செய்திகளையும் கேட்க வேண்டும். 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு தென்னிலங்கையில் வயற்பள்ளிக்குப் போனவர்களையும் அவர்களின் அயலவர்களையும் பார்த்தது. போனவர்கள் பூச்சிநாசினியைக் குறைத்திருந்தார்கள். ஆனால் அந்த அறிவு அயல் வயலுக்கு அதிகம் பரவியிருக்கவில்லை. "ஊருக்கு இருவரைப் பயிற்றினால் போதும், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்" என்ற வாக்குறுதியை நாம் அடிக்கடி கேட்கிறோம். அது தானாக நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

மற்றது இந்தோனேசியாவிலிருந்து வந்தது. 1991இலும் 1999இலும் அதே குடும்பங்களிடம் சேகரித்த தகவல்களை ஒப்பிட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வு, வயற்பள்ளியால் விளைச்சலிலோ பூச்சிநாசினிப் பாவனையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. ஒரே முறைக்கு இரண்டு விதமான விடைகள் வந்தது ஏன்? இடம், காலம், நடத்திய விதம் ஆகியவை வேறு. அத்துடன், பயிற்சிக்கு முதலில் முன்வருபவர் யார் என்பதும் விடையை மாற்றும். ஏற்கெனவே கெட்டிக்காரரான விவசாயிகளே முதலில் வருவார்கள். அவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டால், அவர்களின் கெட்டித்தனமும் பயிற்சியின் பயன் போலவே தோன்றும்.

பெண்களின் சிறுதொழிலும் பயிற்சியும்

இந்தக் குறையைத் தவிர்க்க ஒரு வழி சீட்டுக் குலுக்கல். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரேஷ் டி மெல் அவர்களும், டேவிட் மக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரவ் ஆகியோரும் கொழும்பு, கண்டி நகர்ப்புறங்களில் பெண்களிடம் இவ்வாறு ஓர் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். உலகில் மிகப் பரவலாக நடத்தப்படும் சிறுதொழில் பயிற்சியையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி மட்டும் கொடுக்கப்பட்டது. இன்னொரு பகுதியினருக்குப் பயிற்சியுடன் பண உதவியும் கொடுக்கப்பட்டது. மூன்றாம் பகுதியினருக்கு இரண்டும் இல்லை. பின்னர் இரண்டு ஆண்டுகள் எல்லோரையும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள்.

ஏற்கெனவே சிறுதொழில் செய்துவந்த பெண்களுக்குப் பயிற்சி மட்டும் கிடைத்தபோது, தொழில் நடத்தும் முறையில் சில மாற்றங்கள் தெரிந்தன. இலாபம் கூடவில்லை. பயிற்சியோடு பணமும் கிடைத்தவர்களுக்கு முதல் எட்டு மாதங்களில் இலாபம் நன்றாகக் கூடியது. ஆனால் இரண்டாம் ஆண்டில் அந்தக் கூடுதல் கரைந்து போனது. புதிதாகத் தொழில் தொடங்க விரும்பிய பெண்களுக்கோ பயிற்சி உதவியது. அவர்கள் விரைவாகத் தொழிலில் இறங்கினார்கள், அவர்களின் இலாபமும் பயிற்சி பெறாமல் தொடங்கியவர்களின் இலாபத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

இதிலிருந்து நாம் கற்பவை இரண்டு. எட்டு மாதத்தில் அளந்திருந்தால் "வெற்றி" என்று எழுதியிருப்பார்கள், இரண்டு ஆண்டு பொறுத்து அளந்ததால்தான் உண்மை தெரிந்தது. அடுத்து, ஏற்கெனவே இடியப்பம் அவித்து விற்கும் ஒரு தாய்க்கும், முதன்முதலில் தொழில் தொடங்கும் ஒரு பெண்ணுக்கும் ஒரே வகுப்பு ஒரே பயனைத் தருவதில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இனி, ஒரு குடும்பம் எவ்வாறு கணக்கிடலாம் என்று பார்ப்போம். கீழே உள்ள எண்கள் விளங்கிக்கொள்வதற்காக நாம் இட்டவை. உங்கள் ஊரின் கூலியையும் விலையையும் நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு ஏக்கர் நெல் செய்யும் குடும்பம் ஒன்று பூச்சிக் கட்டுப்பாடு பற்றிய ஆறு நாள் பயிற்சிக்கு ஒருவரை அனுப்புகிறது. நாட்கூலி 2,500 ரூபா. ஆறு நாளுக்கு இழப்பு 15,000 ரூபா. போக்குவரத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 1,500 ரூபா. ஆகவே பயிற்சிக்காகக் குடும்பம் கொடுத்த விலை 16,500 ரூபா.

முன்பு ஒரு போகத்துக்கு மூன்று தடவை எண்ணெய் அடித்தார்கள். மருந்தும் கூலியுமாக ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 5,500 ரூபா, இரண்டு ஏக்கருக்கு 11,000 ரூபா. பயிற்சிக்குப் பின் ஒரு தடவை மட்டுமே அடிக்கிறார்கள். இரண்டு தடவை குறைந்ததால் மிச்சம் 22,000 ரூபா. ஆனால் இப்போது வயலை இறங்கிப் பார்க்கும் வேலை கூடியுள்ளது. பன்னிரண்டு காலைகள், ஒவ்வொன்றுக்கும் 300 ரூபா என்று மதித்தால் 3,600 ரூபா. விளைச்சல் முன்போலவே இருந்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு போகத்தின் பயன் 18,400 ரூபா.

முதற்போகத்தில் கொடுத்த விலையைக் கழித்தால் மிஞ்சுவது 1,900 ரூபாதான். "இவ்வளவு பாடுபட்டு இதுதானா?" என்று தோன்றும். ஆனால் இரண்டாம் போகத்தில் பயிற்சிச் செலவு இல்லை, 18,400 ரூபாவும் கைக்கு வருகிறது. மூன்று போகம் சேர்ந்தால் 55,200 ரூபா. விலையைக் கழித்தால் 38,700 ரூபா. போட்ட ஒவ்வொரு ரூபாவுக்கும், அந்த ரூபாவும் திரும்பி, மேலே ஏறக்குறைய 2 ரூபா 35 சதம் வந்திருக்கிறது. தொடர்ந்து செய்தால்தான் இந்தப் பயன். அடுத்த போகத்தில் பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் கணக்கு முதற்போகத்தோடு முடிந்துவிடும்.

இப்போது அதே பயிற்சிக்கு அரை ஏக்கர் செய்யும் குடும்பம் ஒன்றும் போகிறது. கொடுத்த விலை அதே 16,500 ரூபா. எண்ணெய் அடிப்பதில் மிச்சம் 5,500 ரூபா. வயல் சிறியதால் பார்க்கும் வேலை 1,800 ரூபா. போகத்துக்குப் பயன் 3,700 ரூபா. கொடுத்த விலை திரும்ப ஐந்தாம் போகம் வரை காத்திருக்க வேண்டும். மாரி மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் மட்டும் செய்பவருக்கு அது ஐந்து ஆண்டு. குத்தகைக் காணியில் செய்பவருக்கோ அடுத்த வருடம் அந்தக் காணி கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை. காணி இல்லாதவருக்குப் பயன் ஒன்றுமில்லை, 16,500 ரூபா இழப்பு மட்டுமே.

மூவரும் ஒரே வாங்கில் இருந்து ஒரே ஆசிரியரிடம் கற்றவர்கள். மூவருக்கும் ஒரே சான்றிதழ். பயன் மட்டும் மூன்று விதம். பயிற்சியின் பெறுமதி கற்பித்த பாடத்தில் மட்டும் இல்லை, கற்றவரின் கையில் என்ன இருக்கின்றது என்பதிலும் உள்ளது.

மழையின் கணக்கைப் பிரித்தல்

போன வருடத்தையும் இந்த வருடத்தையும் மட்டும் ஒப்பிடுவது ஆபத்தானது. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் முழுவதும் பெருவெள்ளம் வந்து விளைந்த வயல்களை அழித்தது. 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டாலும் பெரும்போகத்துக்கு உரம் வேளைக்குக் கிடைக்கவில்லை. நாட்டின் நெல் உற்பத்தி முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. அந்த வருடத்தில் மிகச் சிறந்த பயிற்சி பெற்றவரின் விளைச்சலும் வீழ்ந்துதான் இருக்கும். அது பயிற்சியின் தோல்வி அல்ல. நல்ல மழை பெய்து எல்லோருக்கும் விளைந்த வருடத்தில் பயிற்சி நடத்தியவர் பெருமை கொள்வதும் சரியல்ல.

இதற்கு விவசாயிக்கு ஏற்ற எளிய வழி உண்டு. வயலின் ஒரு பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்து அங்கே பழைய முறைப்படி செய்யுங்கள். மற்றப் பகுதியில் புதிய முறையைச் செய்யுங்கள். மழையும் வெயிலும் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் அது முறையினால் வந்ததே. 1990களில் வியட்நாமின் மீகொங் ஆற்றுப் படுகையில் இதைத்தான் செய்தார்கள். விதைத்து முதல் 40 நாட்களுக்குள் இலைதின்னிப் பூச்சிக்கு எண்ணெய் அடிக்கத் தேவையில்லை என்று வானொலியிலும் துண்டுப்பிரசுரத்திலும் சொன்னதோடு, தமது வயலின் சிறு பகுதியில் செய்து பார்க்கும்படி விவசாயிகளைக் கேட்டுக்கொண்டார்கள். இளம் பயிர் இழந்த இலையைத் திரும்பத் தளைத்துவிடும். முந்தி அடிக்கும் எண்ணெய் சிலந்தி போன்ற நல்ல உயிர்களையே முதலில் கொல்லும். விவசாயிகள் தங்கள் கண்ணால் கண்டார்கள். சில ஆண்டுகளில் அங்கு பூச்சிநாசினி அடிக்கும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகின.

விளைச்சலை ஒப்பிட வயல் முழுவதையும் நிறுக்க வேண்டியதில்லை. 5 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்ட சதுரத்தைக் கயிற்றால் அளந்து, அதில் வெட்டி அடித்துக் காயவைத்த நெல்லை நிறுங்கள். அந்த நிறையை 162ஆல் பெருக்கினால் ஒரு ஏக்கர் விளைச்சல் ஏறத்தாழக் கிடைக்கும். 12 கிலோ என்றால் ஏக்கருக்கு 1,944 கிலோ. வாய்க்கால் தலைப்பில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று என மூன்று இடங்களில் வெட்டிச் சராசரி எடுத்தால் இன்னும் சரியாக இருக்கும்.

காணியும் கருவியும் இல்லாதபோது

இடம்பெயர்ந்த குடும்பங்களின் சிக்கல் இங்கேதான் கூர்மையடைகின்றது. காணியைத் திருப்பிக் கொடுப்பது கடினம், பயிற்சி கொடுப்பது சுலபம். ஆகவே காணிக்குப் பதிலாகப் பயிற்சி வந்துவிடுகின்றது. தையல் கற்றவருக்கு மெசின் இல்லை. மெசின் கிடைத்தவருக்குத் தைக்கக் கொடுக்க ஆள் இல்லை, ஏனெனில் ஒரே கிராமத்தில் முப்பது பேர் தையல் கற்றிருக்கிறார்கள்.

பங்களாதேசின் பிராக் நிறுவனம் 2002இல் மிக வறிய குடும்பங்களுக்காக வேறொரு வழியைத் தொடங்கியது. ஆடு, மாடு போன்ற ஓர் உடைமையைக் கொடுத்து, அதைப் பராமரிக்கப் பயிற்சி கொடுத்து, பலன் வரும் வரை சாப்பாட்டுக்குச் சிறு உதவி கொடுத்து, தொடர்ந்து வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அதன் முறை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இதைக் குலுக்கல் முறையில் அளந்த ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. உதவி நின்று ஓராண்டு கழிந்த பின்னும் பெரும்பாலான நாடுகளில் குடும்பங்களின் வருமானமும் உணவும் மேம்பட்டே இருந்தன. மேற்கு வங்காளத்தில் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் பயன் நிலைத்திருந்தது. பயிற்சி அங்கே தனியாக வரவில்லை, கையில் பிடிக்க ஒரு பொருளோடும் பசி தாங்க ஓர் உதவியோடும் வந்தது.

சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். எல்லாச் சான்றிதழும் சமமானவை அல்ல. இலங்கையில் தேசிய தொழிற் தகைமை என்ற முறை உண்டு. அந்த மட்டத்தில் வழங்கப்படும் சான்றிதழை நாடு முழுவதிலும் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்கெனவே வேலை தெரிந்த மேசனோ தச்சரோ வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டி, மதிப்பீட்டுக்கு உட்பட்டு அச்சான்றிதழைப் பெறவும் வழி உள்ளது. தெரிந்ததையே மறுபடி கற்க நாட்கூலியை இழக்க வேண்டியதில்லை.

வகுப்பில் அடங்காத கல்வி

விவசாயத்தின் மிகப் பெரிய பயிற்சிக்கூடம் வயலே. வரம்பு கட்டவும், நிலத்தின் ஈரம் பார்த்து விதைக்கவும், வெருகலாற்று வெள்ளம் எந்தத் துண்டுக்கு முதலில் வரும் என்று அறியவும் பிள்ளைகள் தாய் தகப்பனின் பின்னால் நடந்தே கற்றார்கள். எமது அயலூரான சம்பூரின் மக்கள் 2006இல் வெளியேறினார்கள். அவர்களின் காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் விடுவிக்கப்பட்டன. எட்டு வயதில் போன பிள்ளை பதினெட்டு வயதில் திரும்பியது. இடையில் இழந்த பத்துப் பெரும்போகக் கல்வியை எந்த ஐந்து நாள் செயலமர்வாலும் ஈடுசெய்ய முடியாது. முதிய விவசாயி ஒருவரோடு ஓர் இளைஞரை ஒரு போகம் முழுவதும் வயலில் நிறுத்தி, இழக்கும் கூலிக்கு உதவிப்பணம் கொடுத்தால் அதுவும் பயிற்சிதான். அதையும் அளக்கலாம். நிறுவனங்களிடம் அதைக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

கொப்பியில் எழுத வேண்டியவை

பயிற்சிக்குப் போகும் முன்பே கொப்பியைத் தொடங்க வேண்டும். முன் நிலைமை எழுதப்படாவிட்டால் பின் நிலைமையை எதனோடு ஒப்பிடுவது?

1. பயிற்சிக்கு முன்: கடந்த போகத்தில் செலவு எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, விற்ற விலை என்ன?
2. பயிற்சிக்காக: எத்தனை நாள் இழந்தோம், எவ்வளவு செலவழித்தோம்? பெண்களின் நாளையும் கூலி நாளாகவே எழுதுங்கள்.
3. மூன்று மாதத்தின் பின்: கற்றவற்றுள் எவற்றைச் செய்கிறோம், எவற்றைச் செய்யவில்லை, ஏன்?
4. போக முடிவில்: கயிறு கட்டிய பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் வித்தியாசம் என்ன?
5. அடுத்த வருடம்: இன்னும் செய்கிறோமா?

மூன்றாவது கேள்வியில் உள்ள "ஏன்" என்பதற்கான விடையே அதிகப் பெறுமதி வாய்ந்தது. கிராமத்தில் இருபது கொப்பிகளில் "தண்ணீர் வரவில்லை" என்று எழுதியிருந்தால், அடுத்து வர வேண்டியது இன்னொரு வகுப்பல்ல, வாய்க்கால் திருத்த வேலை. கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ அந்த இருபது கொப்பிகளையும் கமநல சேவைகள் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எடுத்துச் செல்லலாம். மனுவில் உள்ள முறைப்பாட்டை ஒதுக்கிவைப்பது எளிது. திகதியும் நிறையும் ரூபாவும் எழுதிய கணக்கை அவ்வாறு ஒதுக்கிவைப்பது கடினம்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. கடந்த ஐந்து ஆண்டுகளில் எமது கிராமத்தில் நடந்த பயிற்சிகள் எவை? அவற்றுள் இன்றும் வருமானம் தருபவை எத்தனை?
2. பயன் தராதவற்றில் அடைப்பு எங்கே இருந்தது: கற்பித்தலிலா, காணியிலா, தண்ணீரிலா, கருவியிலா, சந்தையிலா?
3. அடுத்து ஒரு நிறுவனம் பயிற்சியோடு வந்தால், ஆட்களின் பெயரைக் கொடுக்கும் முன் அவர்களிடம் நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?